சாலையில் ஒரு தராசு: வேகம் அளக்கும் கருவி பற்றி வணிகர்கள் அறிய வேண்டியவை

நமது சங்க உறுப்பினர்களில் தராசு இல்லாதவர் எவரும் இல்லை. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும், படிக்கற்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் முத்திரை ஆய்வாளரிடம் முத்திரை வைத்து வாங்கி வருகிறோம். முத்திரைக் கெடு முடிந்த தராசில் நிறுத்துக் கொடுத்தால், எடை சரியாகவே இருந்தாலும் வழக்கு உண்டு. "எடையில் குறையில்லையே ஐயா" என்று சொல்லிப் பயனில்லை. அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது, சரியாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சியும் வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. 1956, 1976, 2009 ஆகிய ஆண்டுகளில் வந்த எடையளவுச் சட்டங்கள் மூன்றும் வணிகருக்கு இந்தப் பாடத்தைத்தான் நடத்தின.

இப்போது நம்மையே அளக்கும் ஒரு தராசு சாலைக்கு வந்திருக்கிறது. போலீசார் கையில் பிடிக்கும் ஸ்பீடு கன், ரோந்து வாகனத்தில் பொருத்தப்பட்ட ரேடார், கம்பத்தில் நிற்கும் கேமரா ஆகிய எல்லாம் அந்த வகையைச் சேர்ந்தவை. அது காட்டும் எண்ணை வைத்து அபராதம் விதிக்கிறார்கள். அந்தத் தராசு எப்படி வேலை செய்கிறது, அதற்கு முத்திரை உண்டா, அதன் முன்னே நமது பொறுப்பு என்ன என்பவற்றை வணிகர்கள் தெரிந்து கொள்வது அவசியம். சரக்கு வாகனம் சொந்தமாக வைத்திருப்போருக்கு மட்டுமல்ல, வாடகை வண்டியில் லோடு ஏற்றி அனுப்புவோருக்கும் இதில் செய்தி இருக்கிறது.

நமக்கு ஏன் இந்த விஷயம்?

நெல்லை வியாபாரம் முழுவதும் சாலையை நம்பியது. நயினார்குளம் மார்க்கெட்டுக்குக் காய்கறி விடியுமுன் வந்தாக வேண்டும். பாவூர்சத்திரத்திலிருந்தும் ஆலங்குளத்திலிருந்தும் ஏற்றும் காய்கறி செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகக் கேரளம் போகிறது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து அரிசி ஆலைகளிலிருந்து மூடைகள் நாலா திசைக்கும் செல்கின்றன. தூத்துக்குடித் துறைமுகச் சரக்கு பாளையங்கோட்டை வழியாக உள்ளே வருகிறது. வடக்கே கயத்தாறு முதல் தெற்கே நாங்குநேரி, வள்ளியூர் வரை 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நான்கு வழிச்சாலையாக நம் பகுதியை ஊடறுத்துச் செல்கிறது.

சாலை அகலமானதும் வேகம் கூடியது. ஆனால் சாலையின் இருபுறமும் ஊர்கள் அப்படியே இருக்கின்றன. கார் சாகுபடி, பிசான சாகுபடி அறுவடைக் காலங்களில் டிராக்டரும் கதிர் அறுக்கும் இயந்திரமும் அதே சாலையில்தான் ஊர்ந்து செல்கின்றன. சில இடங்களில் சாலை ஓரத்திலேயே நெல் காய்கிறது. ஆடி அமாவாசைக்கு அம்பாசமுத்திரம் - பாபநாசம் சாலையில் நடந்து போகும் கூட்டத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 71.2 சதவீத மரணங்களுக்கு அதிவேகம் காரணமாகப் பதிவாகியுள்ளது. அதே ஆண்டில் விபத்து எண்ணிக்கையில் முதலிடம் நமது தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள். ஆகவே, வேகத்தை அளப்பது அபராதம் வசூலிக்கும் தந்திரம் என்று தள்ளிவிட முடியாது. அதே சமயம், அளப்பவர் எப்படி அளந்தாலும் தலையாட்ட வேண்டும் என்பதும் இல்லை. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கருவி வேலை செய்யும் விதம்

ரயில்வே கேட்டில் நிற்கும்போது விசில் அடித்துக்கொண்டு வரும் ரயிலைக் கவனியுங்கள். நம்மை நோக்கி வரும்வரை விசிலின் சுருதி உயர்ந்திருக்கும். நம்மைக் கடந்ததும் சட்டென்று தாழ்ந்துவிடும். ஒலி எழுப்பும் பொருள் நெருங்கும்போது அலைகள் நெருக்கமாகவும், விலகும்போது இடைவெளி விட்டும் வந்து சேர்வதே காரணம். கிறிஸ்டியன் டாப்ளர் என்ற ஆஸ்திரிய அறிஞர் 1842-இல் இந்தத் தத்துவத்தை எடுத்துக் கூறினார்.

ரேடார் கருவி ஒலிக்குப் பதிலாக ரேடியோ அலையை அனுப்புகிறது. அந்த அலை லாரியின் முகப்பில் பட்டுத் திரும்பி வருகிறது. லாரி நெருங்கிக்கொண்டிருந்தால் திரும்பும் அலையின் அதிர்வெண் கூடியிருக்கும். எவ்வளவு கூடியது என்று பார்த்து வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். விநாடிக்கு 2,415 கோடி அதிர்வுகள் கொண்ட அலையைப் பயன்படுத்தும் கருவியில், மணிக்கு ஒரு கி.மீ. வேகத்துக்குச் சுமார் 45 அதிர்வு வித்தியாசம் வரும். 60 கி.மீ. வேகத்தில் வரும் லாரிக்கு வித்தியாசம் சுமார் 2,680.

லேசர் கருவி வேறு வழியில் அளக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒளித் துடிப்புகளை அடுத்தடுத்து அனுப்பி, ஒவ்வொன்றும் போய்த் திரும்ப எடுத்த நேரத்தைக் குறிக்கிறது. நேரத்திலிருந்து தூரம் தெரியும். தூரம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதிலிருந்து வேகம் தெரியும்.

இரண்டுக்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. ரேடார் அலை டார்ச் வெளிச்சம் போல விரிந்துகொண்டே போகும். 12 டிகிரி விரிவுள்ள அலைக் கற்றை 100 மீட்டர் தூரத்தில் 21 மீட்டர் அகலத்துக்குப் பரவிவிடும். அதற்குள் நான்கு வழிச்சாலையில் இரண்டு மூன்று வண்டிகள் அடங்கிவிடலாம். லேசர் ஒளி 300 மீட்டர் தூரத்திலும் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் விரியும். எந்த வண்டியைக் குறி வைத்தார்களோ அதை மட்டுமே அளக்கும்.

தராசு தவறும் இடங்கள்

ரேடாரைப் போக்குவரத்துப் போலீசார் முதன்முதலில் கையாண்டது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், 1940-களின் இறுதியில். முப்பது ஆண்டுகள் அதன் எண்ணைப் பெரும்பாலும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார்கள். 1979-இல் புளோரிடா மாநிலத்தின் மயாமி நகரில் ஒரு தொலைக்காட்சி நிருபர் போலீஸ் ரேடாரைச் சோதித்துக் காட்டினார். நின்ற இடத்தில் நிற்கும் பனை வகை மரம் ஒன்று மணிக்கு 86 மைல் வேகத்தில் ஓடுவதாகக் கருவி காட்டியது. ஒரு வீடு 28 மைல் வேகத்தில் போவதாகக் காட்டியது. அங்குள்ள நீதிபதி நிபுணர்களை விசாரித்து, ரேடாரை மட்டும் நம்பித் தொடரப்பட்ட சுமார் 80 வழக்குகளில் அந்தச் சாட்சியத்தை ஏற்க மறுத்துவிட்டார். அதன் பின்னரே கருவியின் தரம், சோதனை, இயக்குபவருக்குப் பயிற்சி ஆகியவற்றில் அந்நாட்டில் கண்டிப்பு வந்தது.

கருவி எங்கெல்லாம் தவறலாம்? விரிந்த அலையில் சிறிய காரும் பெரிய லாரியும் சேர்ந்து அகப்பட்டால், பெரிய உடம்புள்ள லாரியிலிருந்தே அதிக அலை திரும்பும். எந்த வண்டியின் வேகம் எந்த வண்டியின் கணக்கில் எழுதப்பட்டது என்ற குழப்பம் வரலாம். அருகிலுள்ள மின்சாதனங்கள், வயர்லெஸ் கருவிகள், ரோந்து வண்டியின் விசிறி ஆகியவற்றால் பழைய கருவிகளில் பொய் எண் தோன்றியதுண்டு.

ஒரு தவறான வாதத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். "போலீசார் சாலையோரம் சாய்வாக நின்று அளந்தார்கள், அதனால் வேகம் கூடிவிட்டது" என்று சிலர் சொல்கிறார்கள். நின்ற இடத்திலிருந்து அளக்கும்போது உண்மை இதற்கு நேர்மாறு. கோணம் கூடக்கூடக் கருவி குறைத்தே காட்டும். 80 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியை 20 டிகிரி சாய்விலிருந்து அளந்தால் சுமார் 75 என்றுதான் காட்டும். அந்தத் தள்ளுபடி ஓட்டுநருக்கே லாபம்.

நமது கடையில் தராசைச் சரிபார்க்கப் படிக்கல்லை வைத்துப் பார்ப்பது போல, ரேடாரைச் சரிபார்க்க இசைக்கவை என்ற இரும்புக் கவையைத் தட்டிக் கருவியின் முன்னே பிடிப்பது பழைய வழக்கம். கவையின் அதிர்வு எண் ஏற்கெனவே தெரிந்தது. அதற்குரிய வேகத்தைக் கருவி சரியாகக் காட்டினால் நம்பலாம். அதுவும் ஒரு வகைப் படிக்கல்லே.

போலீஸ் தராசுக்கும் முத்திரை

நம் நாட்டில் இதற்கு என்ன ஏற்பாடு? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவே ஒரு பாதுகாப்பைத் தந்திருக்கிறது. ஒரே ஒரு சாட்சி தன் கண்மதிப்பில் "இவர் வேகமாக ஓட்டினார்" என்று சொன்னால் மட்டும் தண்டிக்க முடியாது. அந்த மதிப்பு கருவியைக் கொண்டு எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

2019-இல் சட்டம் திருத்தப்பட்டபோது 136-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. நெடுஞ்சாலைகளில் மின்னணுக் கருவிகள் மூலம் கண்காணிக்க அது வழி செய்தது. அதன் தொடர்ச்சியாக 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167-ஏ என்ற விதி வந்தது. கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், கண்காணிப்பு உள்ள பகுதிக்கு முன்னதாக எச்சரிக்கைப் பலகை கண்ணில் படும்படி வைக்க வேண்டும், சலானில் வண்டி எண் தெரியும் படமும் கருவி காட்டிய அளவும் நாள், நேரம், இடமும் இருக்க வேண்டும் என்று அந்த விதி வகுத்தது.

இவை எல்லாவற்றையும்விட வணிகர்களுக்கு நன்கு விளங்கும் செய்தி 2025 ஏப்ரலில் வந்தது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, 2011-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுப் பொது விதிகளைத் திருத்தி, வாகன வேகத்தை அளக்கும் ரேடார் கருவிகளையும் அதில் சேர்த்தது. 2025 ஜூலை 1 முதல் நடைமுறை என்று நாளும் குறித்தது. அத்தகைய கருவி பயன்பாட்டுக்கு வருமுன் சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற வேண்டும் என்பது அந்த விதியின் சாரம். நமது மேஜைத் தராசுக்கும் பெட்ரோல் பங்க்கின் அளவைக் கருவிக்கும் எந்தச் சட்டமோ, அதே சட்டத்தின் கீழ் போலீசாரின் ரேடாரும் வந்துவிட்டது. அளக்கிறவர் யாராக இருந்தாலும் அவர் கையில் இருக்கும் அளவுகோல் அத்தாட்சி பெற்றிருக்க வேண்டும் என்ற நீதி இதனால் நிலைபெற்றது.

முதலாளியின் வாய்ச்சொல்லும் குற்றமாகலாம்

இனி நம் பக்கத்துக்கு வருவோம். வேகக் குற்றம் என்றால் டிரைவர் பாடு என்று பலரும் எண்ணுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 112-வது பிரிவு, வரம்பு மீறி ஓட்டுவதை மட்டுமல்ல, ஓட்டச் செய்வதையும் ஓட்ட அனுமதிப்பதையும் தடுக்கிறது. 183-வது பிரிவின்படி, தன்னிடம் வேலை செய்பவரையோ தன் கட்டுப்பாட்டில் உள்ளவரையோ அப்படி ஓட்டச் செய்பவரும் தண்டனைக்கு உரியவர். 2019 திருத்தத்தின்படி இலகுரக வாகனத்துக்கு அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. நடுத்தர, கனரகச் சரக்கு வாகனத்துக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரை. மறுமுறை அகப்பட்டால் ஓட்டுநர் உரிமத்தைப் பறிமுதல் செய்ய வழி உண்டு. மினி வேனும் சட்டத்தில் இலகுரக வாகனமே. "சின்ன வண்டிதானே" என்ற சமாதானம் செல்லாது.

அதே பிரிவில் நான்காவது உட்பிரிவு ஒன்று இருக்கிறது. நம்மில் பலர் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இத்தனை நேரத்துக்குள் இந்தப் பயணத்தை முடிக்க வேண்டும் என்று ஒருவர் உத்தரவிட்டு, வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்தில் போய்ச் சேர முடியாது என்று நீதிமன்றம் கருதினால், அந்த உத்தரவே உத்தரவிட்டவர் குற்றம் செய்ததற்கு முதல் நோக்கில் சாட்சியாகக் கொள்ளப்படும்.

இதை நமது வழக்கத்தோடு பொருத்திப் பாருங்கள். ஒரு மண்டியில் இரவு 2 மணிக்கு லோடு ஏறி முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மதுரை சுமார் 160 கி.மீ. "4 மணிக்குள் இறக்கியாக வேண்டும், பிந்தினால் வாடகையில் பிடிப்பேன்" என்று டிரைவரிடம் சொல்லி அனுப்புகிறோம். இரண்டு மணி நேரத்தில் 160 கி.மீ. என்றால் எங்கும் நிற்காமல் சராசரி 80 கி.மீ. வேகம். சுங்கச் சாவடியில் நிற்க வேண்டும், ஊருக்குள் மெதுவாகப் போக வேண்டும், டீ குடிக்க வேண்டும். அதையெல்லாம் கழித்தால் மற்ற இடங்களில் 100-ஐத் தாண்டாமல் அவன் போய்ச் சேர முடியாது. அந்த வார்த்தையைச் செல்போனில் செய்தியாகவும் அனுப்பியிருந்தால், அதுவே எழுதிக் கொடுத்த சாட்சி.

நேரக் கணக்கும் தூரக் கணக்கும்

வேகத்தால் என்ன லாபம் என்று சிட்டையில் வரவு செலவு எழுதுவது போலவே எழுதிப் பார்ப்போம். திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி சுமார் 50 கி.மீ. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போனால் 50 நிமிடம். 80 கி.மீ. வேகத்தில் போனால் முப்பத்தேழரை நிமிடம். வரவு, பன்னிரண்டரை நிமிடம். அதுவும் வழியில் எங்கும் மெதுவாகப் போகாமல் இருந்தால்.

செலவு என்ன? எதிரே ஒரு குழந்தை ஓடி வருகிறது. டிரைவர் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகும் என்று கொள்வோம். பிறகு விநாடிக்கு 18 கி.மீ. வீதம் வேகம் குறைவதாகக் கொள்வோம். லோடு ஏற்றிய வண்டிக்கு இது நல்ல பிரேக். 60-இல் வந்த லாரி சுமார் 45 மீட்டரில் நின்றுவிடும். 80-இல் வந்த லாரி நிற்க 72 மீட்டர் வேண்டும். முதல் லாரி முழுவதும் நின்றுவிட்ட அந்த 45-வது மீட்டரில் இரண்டாவது லாரி இன்னும் சுமார் 60 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். கூடுதல் வேகம் மூன்றில் ஒரு பங்கு என்றாலும், பிரேக் பிடித்து நிறுத்த வேண்டிய தூரம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு ஆகிறது. பன்னிரண்டரை நிமிட வரவுக்கு இந்தச் செலவு எந்தப் பேரேட்டிலும் நேராகாது.

நோட்டீஸ் வந்தால்

கேரளத்துக்குச் சரக்கு அனுப்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்மாநிலம் 2023-இல் 726 கேமராக்களை நிறுவி, ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கத் தொடங்கியது. அவற்றில் பெரும்பாலானவை ஹெல்மெட், சீட் பெல்ட் போன்றவற்றுக்கானவை என்றாலும் வேகத்துக்கானவையும் உண்டு. சென்னை மாநகரில் 2023 நவம்பரில் இலகுரக வாகனங்களுக்கு 60, கனரக வாகனங்களுக்கு 50 கி.மீ. என வரம்பு அறிவித்தார்கள். ஊருக்கு ஊர், சாலைக்குச் சாலை வரம்பு வேறுபடும். ஆகவே சாலையோரப் பலகையைப் பார்த்து ஓட்டும்படி டிரைவரிடம் சொல்லி வையுங்கள். நமக்கு நோட்டீஸ் வந்தால் செய்ய வேண்டியவை:

1. முதலில் படத்தைப் பாருங்கள். வண்டி எண் நம்முடையதுதானா, படத்தில் வேறு வண்டிகளும் உள்ளனவா என்று கவனியுங்கள்.

2. நாள், நேரம், இடத்தை நமது புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். இதற்காகவே ஒவ்வொரு லோடுக்கும் வண்டி எண், டிரைவர் பெயர், புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம் எழுதும் நோட்டு ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. வண்டியை ஓட்டியவர் யார் என்று போலீசார் கேட்டால் தகவல் தருவது 133-வது பிரிவின்படி உரிமையாளரின் கடமை.

3. அளந்த வேகம், அந்தச் சாலையின் வரம்பு, எந்தக் கருவி, அதற்குரிய சான்று ஆகியவை சலானில் உள்ளனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுத்து மூலம் கேளுங்கள். முத்திரை ஆய்வாளர் நம்மிடம் கேட்பது போலவே மரியாதையாகக் கேட்கலாம்.

4. தவறு நம்முடையது என்று தெரிந்தால் உடனே கட்டிவிடுங்கள். தவறு இல்லை என்று ஆதாரத்தோடு தெரிந்தால் நீதிமன்றத்தில் எதிர்ப்பதற்கு உரிமை உண்டு. சலானைக் கிடப்பில் போடுவது மட்டும் கூடாது. நிலுவை சேர்ந்தால் எப்.சி., பெயர் மாற்றம் போன்ற வேலைகளின்போது அது தலைதூக்கும்.

5. முதலாளி சொன்ன நேரத்துக்காக ஓடிய டிரைவரின் சம்பளத்தில் அபராதத்தைப் பிடிப்பது நியாயம் ஆகாது.

6. வாகனத்தில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தப்பட்டிருந்தால் அதைக் கழற்றவோ தளர்த்தவோ மெக்கானிக்கிடம் சொல்லாதீர்கள். அது நம் தராசின் முத்திரையை நாமே உடைப்பதற்குச் சமம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, லோடு ஏற்றும் நேரத்தை ஒழுங்கு செய்யுங்கள். பெரும்பாலும் டிரைவர் பறப்பது ரோட்டில் வந்த ஆசையால் அல்ல. மண்டியில் சிட்டை எழுதவும், மூடை ஏற்றவும், பில் போடவும் நாம் தாமதித்த ஒரு மணி நேரத்தைத்தான் அவன் சாலையில் மீட்கப் பார்க்கிறான். மாலை 6 மணிக்கே ஆர்டரை முடித்து 12 மணிக்கு வண்டியைக் கிளப்பினால், விடியற்காலைச் சந்தைக்கு வரம்புக்குள் ஓட்டியே போய்ச் சேரலாம்.

முத்திரை உள்ள கருவியால் அளக்கும்படி அதிகாரிகளைக் கேட்பது நமது உரிமை. ஓடிச் சேர முடிகிற நேரத்தை டிரைவருக்குக் கொடுப்பது நமது கடமை. உரிமையைக் கேட்கிறவர் கடமையில் குறை வைக்காதிருந்தால்தான் அவர் பேச்சு சபையில் எடுபடும். பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சொல்லிச் சென்றது சரக்கு வண்டிக்கும் பொருந்தும்.